ஹம் ரயில் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்தோம்

ஜெர்மனிக்குப் போனதும் எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது அந்த ஊர் நடைபாதைதான். இவ்வளவு அகலமாக, இவ்வளவு சமதளமாக, ஒரு மாடுகூடக் குறுக்கே படுக்காமல் நடைபாதை போட்டு வைத்தால் என் வீட்டுக்காரரை நான் எப்படிப் பிடித்து நிறுத்துவது? திருச்சியில் அவர் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், யாரோ நிறுத்தின பைக்கோ இளநீர் வண்டியோ உடைந்த சாக்கடை மூடியோ குறுக்கே வந்து எனக்கு ஒத்தாசை செய்யும். அதற்குள் நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். வால்டோர்ஃபில் அந்த ஒத்தாசைக்கு வழியில்லை. எழுபது தாண்டிய மனுஷர் கையை வீசிக்கொண்டு முன்னால் போகிறார், முட்டி வலியோடு நான் பின்னால் ஓடுகிறேன்.

ஏன் ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலை நடைக்குப் போனவர் பார்க் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். டீக்கடைக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர் சட்டைப்பையில் ஒன்றும் கிடைக்காமல், யார் யாரையோ விசாரித்து எனக்குத் தகவல் வந்தபோது நான் வீட்டில் சாவகாசமாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். டாக்டர், "தாராளமா நடக்கலாம், தனியா போகலாம்" என்றார். டாக்டருக்கு என்ன, அவர் வீட்டு அடுப்பிலா தோசை கருகியது? அன்றிலிருந்து இவர் எங்கே போனாலும் பின்னால் நான். என் கைப்பையில் அவருடைய மாத்திரைகள், நாக்குக்கு அடியில் வைக்கிற அவசர மாத்திரை, அவருடைய போன், கண்ணாடி, தண்ணீர். குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன்.

"செத்தாக்கூட நீ வந்து சரிபார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவ போல" என்பார். சொல்லட்டும். உயிரோடு இருந்து சொல்கிறாரே, அது போதும்.

வால்டோர்ஃபில் எங்கள் மகன் கார்த்திக் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனும் மருமகளும் காலையில் போய்விட்டால் வீடு எங்களுக்கு. ஊரைத் தாண்டியதும் பைன் மரக் காடு. அங்கே எதிரே வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வயசுக்காரர்கள். இரண்டு கையிலும் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு விறுவிறுவென்று வருகிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கும் "ஹலோ" சொல்கிறார்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஆயுசுக்கும் சொல்ல வேண்டிய ஹலோவைச் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அங்கே போய் மறுபடியும் ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ஒரு கிழவியைப் பார்த்தோம். குறைந்தது எண்பத்தைந்து இருக்கும். சக்கரம் வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கூட ஒரு ஈ, காக்கா இல்லை.

"பாவி, பெத்த பிள்ளைங்க எங்க போச்சுங்க?" என்றேன்.

"அந்தம்மா முகத்தைப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்றார் இவர்.

எனக்குச் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. அந்த வண்டி ஒரு வேரில் தட்டினால் என்ன ஆகும் என்றுதான் தெரிந்தது.

நடை முடிந்ததும் பேக்கரி. அங்கே பிரெட்செல் என்று ஒரு ரொட்டி. நம்மூர் முறுக்கைப் பெரிசாக்கி, மெத்தென்று சுட்டு, மேலே கல் உப்பைத் தூவினால் எப்படி இருக்கும், அப்படி. இவருக்கு அது உயிர். ரத்தக் கொதிப்புக்காரருக்குக் கல் உப்பைக் கொடுக்க முடியுமா? நான் வாங்கி, நகத்தால் ஒவ்வொரு உப்பாகச் சுரண்டிப் போட்டுவிட்டுக் கையில் கொடுப்பேன். மிட்டாயைப் பிடுங்கி வைத்துக்கொண்ட டீச்சரைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார். கடைக்காரப் பெண் ஒரு நாள், உப்பில்லாமலும் கிடைக்கும் என்று இங்கிலீஷில் சொன்னாள். இவர் அவசரமாக, "நோ, நோ, வித் சால்ட்" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கல்லாவது நாக்கில் படும் என்ற ஆசை.

பீலெஃபெல்டில் சறோஜா இருந்தாள். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் திருச்சி வீட்டு மாடியில் குடியிருந்தவள். அப்புறம் எப்படியோ ஜெர்மனி போய்ச் சேர்ந்து, மகளைப் பெற்று வளர்த்து, அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், "வந்து ரெண்டு நாள் நிண்டுட்டுத்தான் போக வேணும்" என்று போனில் உத்தரவு போட்டுவிட்டாள்.

கார்த்திக்குக்கு லீவு கிடைக்கவில்லை. "ரெண்டு பேரும் தனியா மேனேஜ் பண்ணிடுவீங்களாம்மா?" என்று பத்துத் தடவை கேட்டான். இவர் சிரித்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய ஃபிட்டரிடம் ரயிலில் போகத் தெரியுமா என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்?

போன பயணம் நன்றாகவே போயிற்று. சறோஜா வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே எங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தது.

"வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை. என்ன அண்ணை இப்பிடி மெலிஞ்சு போனியள்? அக்கா சாப்பாடு தாறேல்லையோ?"

"தர்றா தர்றா. உப்புதான் தர்றதில்ல" என்றார் இவர், ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, உப்பும் காரமுமாகத் தேங்காய்ச் சம்பல், மறுநாள் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. அந்தச் சம்பலை இவர் மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளக் கையை நீட்டியபோது நான் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். சறோஜாவின் மகள் மது அதைப் பார்த்துச் சிரித்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். ஹம் என்கிற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. தமிழை நன்றாகப் பேசுகிறாள். நடுநடுவே ஜெர்மன் வந்து விழும்.

மாலை அவள் எங்களைக் குன்றின் மேலிருக்கிற பழைய கோட்டைக்குக் கூட்டிப் போனாள். நம்ம மலைக்கோட்டை அளவுக்கு உயரமில்லை. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தானே. பாதி வழியில் பெஞ்சைப் பார்த்ததும் நான் இவரை உட்கார வைத்துவிட்டேன்.

"நான் ஏறிடுவேன்" என்றார்.

"ஏறிடுவீங்க. இறக்கிக் கொண்டாறது யாரு?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அன்ரி, எங்கட இல்லத்தில இருக்கிற ஆக்கள் எல்லாம் எண்பது, தொண்ணூறு. அவையே தனியா வெளிய போயிட்டு வருவினம். நாங்கள் கதவைத் திறந்து விடுறதோட சரி."

"விழுந்துட்டா?"

"சில பேர் விழுகினம்தான். ஓடிப்போய்த் தூக்குவம்."

உனக்கென்ன, உன் புருஷனா என்று நாக்கு நுனி வரை வந்தது. சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் கிளம்பினோம். கொலோன் போய், அங்கே வேறு ரயில் மாற வேண்டும். மதுவுக்கு அன்று மாலை வேலை என்பதால் அவளும் ஹம் வரை எங்களோடு வந்தாள். வழக்கமாகச் சின்ன ரயிலில் போகிறவள், எங்களுக்காக அன்று பெரிய ரயில்.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஜங்ஷன் வந்தாலும் இறங்கிவிடுவார். விழுப்புரத்திலும் இறங்குவார், ஜோலார்பேட்டையிலும் இறங்குவார். டீ குடிப்பார், பெட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார், ரயில் நகர்ந்த பிறகு கடைசியில் ஏதோ ஒரு பெட்டியில் தொற்றி ஏறி, உள்ளேயே நடந்து சிரித்துக்கொண்டு வந்து சேருவார். கல்யாணமான புதிதில் நான் அழுதிருக்கிறேன். நெஞ்சுவலி வந்த பிறகு அந்தப் பழக்கத்தை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். நிறுத்திவிட்டதாக நினைத்தேன்.

ஹம் வந்தது. "இங்க கொஞ்ச நேரம் நிக்கும்" என்று மது எழுந்தாள். இவரும் எழுந்தார்.

"பிள்ளையை வழியனுப்பிட்டு வந்துடறேன். இந்தா, இந்த வாசல்லதான் நிக்கப் போறேன்."

பிள்ளைக்கு மரியாதை செய்வதை நான் எப்படித் தடுப்பேன்? மேல்கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் இறங்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மது ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். அப்புறம் ரயிலின் முன்பக்கமாக எதையோ கை காட்டினார். இரண்டு பேரும் அந்தப் பக்கம் நடந்தார்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மது மட்டும் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அன்ரி! அங்கிள் மற்றப் பக்கம் ஏறிட்டார். அது வெளிக்கிட்டுப் போட்டுது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுல ஏறினாலும் உள்ளேயே நடந்து வந்துடுவாரே?"

"ஏலாது அன்ரி. இங்க ரயில் ரெண்டாப் பிரியும். முன்பாதி வேற வழி, இந்தப் பாதி வேற வழி. என்ர பிழை, நான் முதலே சொல்லியிருக்க வேணும். ரெண்டும் கொலோனுக்குத்தான் போகுது. நீங்கள் இதிலயே இருங்கோ. இறங்கிப்போடாதேங்கோ!"

"ஐயோ, மாத்திரை எல்லாம் என்கிட்ட இருக்கே" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மது வாசலில் நின்றபடியே கண்டக்டர் அம்மாளிடம் ஜெர்மனில் படபடவென்று பேசினாள். அந்தம்மாள் தலையாட்டிக்கொண்டே போனை எடுத்தாள். "நான் சொல்லிட்டன், மற்ற ரயிலில ஆளைப் பாப்பினம். நானும் வாறன் அன்ரி, டீன்ஸ்ட்டுக்கு, என்ர வேலைக்கு, என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கலாம்" என்று ஏறப் பார்த்தாள். கதவு மூடப்போகிற கூவல் கேட்டது. அவளுக்காக அங்கே எத்தனை வயசானவர்கள் காத்திருக்கிறார்களோ. "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. ரயில் கிளம்பியது.

கார்த்திக்கைப் போனில் பிடித்தேன்.

"அப்பாவுக்கு போன் பண்ணும்மா."

"அப்பா போன் என் பையில இருக்கு."

"டேப்லெட்ஸ்?"

"அதுவும் என் பையிலதான்."

"அம்மா! அவர் பாக்கெட்ல எதுவுமே இல்லையா?"

"அவருக்கு எதுக்குடா தனியா? நான்தான் கூடவே இருக்கேனே."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சின் லட்சணம் எனக்கே கேட்டது. நல்லவேளையாக, ஜெர்மனி வந்த அன்று அவன் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு இருபது யூரோ நோட்டைத் திணித்திருந்தானாம். அதை நான் கவனித்திருந்தால் அதுவும் என் பைக்கு வந்திருக்கும்.

எதிர் சீட்டில் ஒரு ஜெர்மன்காரர், தாடியும் நரைத்தவர், தன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துச் சின்னக் கத்தியால் நறுக்கி என் பக்கம் நீட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன்.

கண்டக்டர் அம்மாள் வந்தாள். நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள். "உங்கள் கணவர் கிடைத்துவிட்டார். நலமாக இருக்கிறார். ரயிலை ஆள் தொடாமலே எப்படிப் பிரித்தீர்கள் என்று என் சக ஊழியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கொலோனில் இறங்கிக் காத்திருப்பார்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அவருடைய ரயில் குறுக்கு வழியில் போய் முன்னால் சேர்ந்துவிடும் என்றும், என்னுடையது ஊர் ஊராகச் சுற்றி வரும் என்றும் அந்தம்மாள் சொன்னதை அப்புறம்தான் யோசித்தேன். அது போதாதென்று டூஸல்டார்ஃப் தாண்டி நடுவழியில் எங்கள் ரயில் நின்றுவிட்டது. ஏதோ அறிவித்தார்கள். பெட்டி முழுக்க ஒரே பெருமூச்சு. நம்மூராக இருந்தால் பாதிப் பேர் இறங்கித் தண்டவாளத்தில் நின்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள், மனசுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். இங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போனைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்க் வாசல்தான் கண்ணுக்குள் வந்தது. மறுபடியும் அவர் எங்கேயோ தனியாக, மறுபடியும் நான் வேறு எங்கேயோ சும்மா உட்கார்ந்துகொண்டு. கோட்டும் இல்லாமல், பாஷை தெரியாத கூட்டத்தில் விழுந்தால் ஆட்டோவில் தூக்கிப் போட ஒரு டீக்கடைக்காரராவது இருப்பாரா?

ஒருவழியாக ரயில் கொலோனுக்குள் ஊர்ந்தது. ஆற்றுப் பாலம், கன்னங்கரேலென்று அந்தப் பெரிய தேவாலயம், எதையும் நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் இருந்த ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருந்தார். ஒரு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காகித டம்ளர். கையில் பிரெட்செல்.

ரயில் வருவதைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, மும்முரமாக, கட்டைவிரல் நகத்தால் பிரெட்செல்லில் இருந்த உப்பை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிச் சுரண்டிக் காகிதத்தில் போட்டார். பக்கத்தில் நான் இல்லை. கேட்க ஆள் இல்லை. ஆசை தீர அத்தனை கல்லையும் நாக்கில் போட்டுக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இறங்கியதும் நான் முதலில் திட்டினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. "கத்தாத, ஜெர்மன்காரன் பார்க்கிறான்" என்றார். அப்புறம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு வருஷத்து அழுகை, மளமளவென்று வந்தது. அவரை அழைத்து வந்த கண்டக்டர் சொல்லி வைத்திருப்பார் போல, தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிலைய ஆள் ஒருவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"ரயில்ல ஊறினவரு, ரயிலை மாத்தி ஏறுவீங்களா?"

"பிரிக்கிறதைப் பார்த்தேன். பின்பாதியை யார்டுக்குத் தள்ளப் போறான்னு நினைச்சேன். முன்பாதி ஊதிட்டான், தாவிட்டேன். நீ எப்படியும் ஓடற வண்டியிலதான் இருப்பன்னு நினைச்சேன்."

தெரிந்தவன்தான் இப்படித் தப்புப் பண்ணுவான். ஒன்றும் தெரியாதவராக இருந்தால் இறங்கின வாசலிலேயே திரும்பி ஏறியிருப்பார்.

"இவ்வளவு நேரம் இங்கேயேவா உட்கார்ந்திருந்தீங்க?"

"இல்ல. உன் வண்டி லேட்டுன்னு போர்டுல பார்த்தேன். வெளிய போய் அந்தப் பெரிய மாதாகோயிலைப் பார்த்துட்டு வந்தேன். படியில நடுவுல நின்னு, மூச்சு விட்டு ஏறினேன். குளிருது, அந்தக் கோட்டைக் கொடு."

"நெஞ்சு?"

"இருக்கிற இடத்துலதான் இருக்கு" என்று பிரெட்செல்லைப் பிய்த்து என்னிடம் பாதியை நீட்டினார். ரயிலில் தெரியாத பசி அப்போது வந்தது. மதுவுக்குப் போன் போட்டோம். "தெய்வமே!" என்று ஒரு கத்துக் கத்தினாள், பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல் என்னவென்று விசாரித்தது. அவருக்கும் அவள் ஜெர்மனில் விளக்கம் சொன்னாள்.

மறுநாள் காலை வால்டோர்ஃபில் இவர் ஷூவை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல வாசலில் எனக்காக நின்றார். நான் காப்பிக் குவளையோடு வந்தேன். அவருடைய போனை அவர் கையில் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை அவர் சட்டைப்பையில் போட்டேன்.

"போயிட்டு வாங்க."

"நீ?"

"நான் காப்பி குடிச்சுட்டு, என் முட்டிக்கு ஏத்த மாதிரி மெதுவா வர்றேன்."

நான் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, விடுவிடுவென்று படியிறங்கிவிட்டார். ஜன்னலுக்குப் போகாமல் உட்கார்ந்து காப்பியைச் சூடாகக் குடித்தேன். முதல் இரண்டு வாய் உள்ளே இறங்கவில்லை. மூன்றாவது இறங்கியது.

அப்புறம் நானும் கிளம்பினேன். அவர் போகிற பாதை வட்டமாகச் சுற்றி வரும். நான் அதன் மறுமுனையிலிருந்து நடந்தேன். நின்று மரத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய நாய்க்கு ஹலோ சொன்னேன். முட்டி அவ்வளவாக வலிக்கவில்லை. இத்தனை நாள் வலித்தது முட்டியா, அந்த ஓட்டமா?

வளைவில் அவர் திரும்பி வந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வருஷமாக அவர் நடப்பதை நான் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறேன். அவர் முதுகு எனக்கு மனப்பாடம். கால் தடுமாறுகிறதா, தோள் சாய்கிறதா என்றே பார்த்துப் பார்த்து, நடக்கும்போது இவர் முகம் எப்படி இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து, கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டே வந்தார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். ஊரார் போலத் தலையைச் சாய்த்து, "ஹலோ" என்றார்.

"ஹலோ" என்றேன் நானும். அவர் அவர் வழியில் போனார், நான் என் வழியில் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.